கணினி கேள்வி பதில்: அட்மின் நான்தான், ஆனாலும் அனுமதி இல்லை என்கிறதே!

கேள்வி: எங்கள் பலகாரக் கடைக் கணினியில் எந்த ஃபைலை ரைட் கிளிக் செய்தாலும் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸின் வரிகள் மெனுவில் வந்து நிற்கின்றன. அதில் ஒன்று ஃபைலை நிரந்தரமாக அழிப்பது. அப்பச்சி பில் ஃபைலைத் திறக்கும்போது கை தவறி அதில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் நீக்கப் பார்த்தேன், முடியாது என்கிறது. அட்மின் கணக்கில்தான் இருக்கிறேன்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் பயப்படுவது சரிதான். அந்த வரியைத் தொட்டால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அதன் மேல் வேறு எதையாவது எழுதித் துடைத்துவிடும், அப்புறம் மீட்பது பெரும்பாலும் நடக்காது. அதனால் அதை மெனுவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும், ஆனால் ரெஜிஸ்ட்ரி வழியாக வேண்டாம். பல ஆன்டிவைரஸ்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே ரைட் கிளிக் மெனுவில் எது தெரியலாம், எது கூடாது என்று டிக் எடுக்கும் இடம் இருக்கிறது, முதலில் அங்கே தேடுங்கள். ஸ்கேன் வரியை மட்டும் விட்டுவிடுங்கள், பென் டிரைவில் யாராவது ஃபைல் கொண்டுவந்தால் உதவும். மெனுவில் வரி இல்லாவிட்டாலும் பின்னணியில் பாதுகாப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் குறை வராது.

அட்மினாக இருந்தும் ஏன் மறுக்கிறது? நம் ஊர் வளவு வீட்டில் முகப்புச் சாவி உங்களிடம் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியின், அதாவது ஒவ்வொரு குடும்பத்தின், அறைக்கும் சாவி தனிதானே, அதே கதைதான். வைரஸும் அட்மின் உரிமையோடு ஓடக்கூடும் என்பதால், ஆன்டிவைரஸ் தன் பதிவுகளை அட்மினிடமிருந்தும் காத்துக்கொள்கிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரிலும் டேம்பர் புரொடெக்‌ஷன் என்று 2019-லிருந்து இதே வேலைக்கு ஒன்று இருக்கிறது. உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் சின்னச் சின்ன டூல்களை அந்தக் கணினியில் ஓட்டவே ஓட்டாதீர்கள், கடைக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் அந்த டிக் மங்கலாகத் தெரிந்தால் ஆன்டிவைரஸுக்கென்று தனி பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்களா என்று நிறுவிக் கொடுத்தவரைக் கேளுங்கள். அப்பச்சிக்கு அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள், பில் போட அது தாராளம்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை எங்களுடையது. பூ டிசைன்களை ஒரு பழைய மென்பொருளில் வரைகிறோம். சில நாட்களாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமித்தால் ஃபைலைக் காணவில்லை என்று பிழை வருகிறது. ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கிறது!
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: யாரோ கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸை ஆன் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி, தானாக ஆன் ஆவதில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுப்பதற்காக, தெரியாத மென்பொருள் எதையும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களில் எழுத விடாது. பாவம், உங்கள் மென்பொருளுக்கு யார் தடுத்தார்கள் என்று தெரியாது, அதனால்தான் ஃபைல் இல்லை என்று சம்பந்தமில்லாமல் சொல்கிறது.

அதை ஆஃப் செய்யாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் ரான்சம்வேர் பகுதி இருக்கும், அதற்குள் ஒரு ஆப்பை அனுமதிக்கும் இடத்தில் அண்மையில் தடுக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்தால் உங்கள் மென்பொருளின் பெயர் நிற்கும். அதை மட்டும் சேருங்கள். சிலர் டி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கிவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தலைமுறையாகச் சேர்த்த டிசைன் போனால் திரும்ப வரைய ஆள் வேண்டுமே! ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப் வாங்கினேன். டிஃபெண்டரில் எதைத் தொட்டாலும் உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்கிறது. யார் அந்த நிர்வாகி?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: முன்பு வைத்திருந்த கம்பெனியின் கட்டுப்பாடாக இருக்கலாம், ஏதாவது வைரஸ் போட்ட பூட்டாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒட்டுப் போடாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். நிறுவிய பிறகும் ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அதன் லாகினைக் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். அதை அவர்கள்தான் விடுவிக்க முடியும், விற்றவரிடம் பில்லோடு போய்க் கேளுங்கள்.