15 வருடம் தாண்டிய காரில் குடும்பத்தோடு 900 கி.மீ. போகலாமா? கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் முந்தின நாள் வண்டியை சர்வீஸுக்கு விட்டு, ராத்திரி எடுத்து, விடியற்காலை நாலு மணிக்குச் சாவி போடுகிற ஆளாக இருந்தால் போகாதீர்கள்.

நீங்கள் எழுதாததையும் நானே ஊகித்துக்கொள்கிறேன். வீட்டில் யாரோ ஒருவர், அநேகமாக மனைவியின் தம்பி, "இந்த டப்பாவையா எடுத்துட்டுப் போறீங்க? பேசாம ஒரு இன்னோவா வாடகைக்குச் சொல்லிடலாமே" என்றிருப்பார். உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் மார்ச் மாதக் கணக்கு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. சேலத்தில் ஜவுளி வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். என் வண்டி 2007 வேகன் ஆர். அம்மாவுக்கு மூட்டுவலி. இந்த வண்டியில் ஏறக் குனியவும் வேண்டாம், காலைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்துவிடலாம். அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது பண்டரிபுரம். வரிசையில் நின்று பாண்டுரங்கன் பாதத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஆஷாட ஏகாதசிக் கூட்டத்தில் அவரைக் கூட்டிப் போக முடியாது என்பதால் பிப்ரவரியில் கிளம்பினோம். பெங்களூரு, சித்ரதுர்கா, ஹொசபேட்டை, விஜயபுரா, சோலாப்பூர் வழியாக ஒரு பக்கம் ஏறக்குறைய 900 கி.மீ.

பழைய வண்டி என்றாலே எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் காலை வாராது. காலை வாருவது ரப்பரும் தண்ணீரும். ஹோஸ், பெல்ட், டயர், பிரேக் குழாய், கியர் பக்கத்து பூட் (சக்கர அச்சின் மூட்டை மூடுகிற உறை), எல்லாம் ரப்பர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். "நம்ம வண்டி 50,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று பெருமைப்படுகிறவர்கள்தான் அதிகம் நடுரோட்டில் நிற்கிறார்கள்.

டைமிங் பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது அதுதான். 2010-க்கு முந்தைய வேகன் ஆருக்கு பெல்ட். அப்புறம் வந்த கே சீரிஸ் இன்ஜினில் செயின். உங்கள் வண்டியில் எது என்று மேனுவலில் இருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும், எத்தனை வருடத்துக்கு மாற்ற வேண்டும் என்று இரண்டும் பாருங்கள், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டியின் விலையைவிடப் பெரிய பில் வரும். பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டாவது தடவை பிரிக்கிற கூலி தண்டம்.

அப்புறம் கூலிங். இங்கேதான் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. நல்ல கைக்காரர், பல வருடப் பழக்கம். ஆனால் ஹீட் என்று யார் வந்தாலும் அவர் முதலில் செய்வது தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏற்றபடி கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடுகிற சின்ன வால்வை, கழற்றித் தூக்கிப் போடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்பார். நான் புதுசாக ஒன்று வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு பக்கத்திலேயே நின்றேன். அது இல்லாவிட்டால் ஹைவேயில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது; குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் நண்பர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் காலத்து அம்பாசடருக்குக் கழற்றியிருக்கலாம், இதற்கு வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ரேடியேட்டர் மூடி ஒரு சின்னச் சாமான், யாரும் கண்டுகொள்வதில்லை. அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். அழுத்தம் இருந்தால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ புதுசு போடுங்கள். சேலத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும், கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். ஹோஸ்களை வண்டி ஆறியிருக்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். மொறமொறவென்று இருந்தாலும் தப்பு, கொழகொழவென்று இருந்தாலும் தப்பு. கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஐந்தாறு வருடம் தாண்டியதும் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடும். ஸ்டெப்னியிலும் அந்த எண்ணைப் பாருங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து கீழே இறங்காத ஸ்டெப்னிகள் ஊரில் நிறைய இருக்கின்றன.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழசானால் மலை இறக்கத்தில் சூடாகிக் கொதித்து, பெடல் மிதித்தால் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பேட்டரி, வைப்பர் ரப்பர், மஞ்சள் படிந்த ஹெட்லைட் கண்ணாடி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது இந்தப் பட்டியல் இல்லை. பட்டியல் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். வேலை எல்லாவற்றையும் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வண்டியைத் தினமும் ஓட்ட வேண்டும். கை வைத்த இடத்தில்தான் கோளாறு வரும். சரியாக முறுக்காத கிளாம்ப், காற்று தங்கிவிட்ட ரேடியேட்டர், கழன்ற ஒயர், இதெல்லாம் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் தெரிந்துவிடும். அது உங்கள் தெருவில் தெரிந்தால் ஒரு போன் கால். ஹிரியூர் தாண்டிப் பொட்டல் வெளியில் தெரிந்தால் அன்றைய நாளே போச்சு.

எங்களுக்கு ஏற்காடு இருப்பது வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினேன். ஏறும்போது கூலிங்குக்கும் கிளட்சுக்கும் பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்கு. அடிவாரத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தொடவில்லை, தொட்டால் சுடும். முன் இடது சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலடித்தது, லேசாகக் கருகல் வாசனை வேறு. பிரேக் பேடைப் பிடித்து அழுத்துகிற காலிப்பரின் பின் இறுகிப் போய் பிரேக் பேட் விடாமல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டறையில் தூக்கி நிறுத்திப் பார்த்தபோதுகூட இது தெரியவில்லை. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் ஏதாவது பெரிய மேம்பாலத்திலோ, வெயில் நேர டிராஃபிக்கிலோ முழு லோடோடு ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

சரி, வழியில் ஒன்றும் ஆகவில்லையா என்றால், ஆனது. மறைக்க மாட்டேன். மறைத்தால் மனைவியின் தம்பி வந்து கமென்ட்டில் எழுதிவிடுவார், அவரும் கூட வந்தார்.

தொப்பூர் ஏற்றம், பெங்களூரு டிராஃபிக், தும்கூரில் டிபன், சித்ரதுர்காவில் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே டீ, எல்லாம் சுகம். மாலையில் ஹொசபேட்டையை நெருங்கும்போது சாலை வேலை. முன்னும் பின்னும் இரும்புத்தாது லாரிகள், வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நான் ஓட்டும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் முள்ளைப் பார்ப்பேன். எப்போதும் பாதிக்குக் கீழே படுத்திருக்கும் முள் மெல்ல எழுந்திருந்தது. ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். ரேடியேட்டர் ஃபேன் சத்தம் இல்லை.

ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுசாகத் திருப்பி, புளோயரையும் நாலில் வைத்தேன். ஹீட்டருக்குள் போவதும் அதே கூலன்ட்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை நாம் காரை நோக்கி இழுத்துக்கொள்கிறோம். முள் நின்றது. பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏண்டா, காலுக்கு வெந்நீர் ஊத்தற மாதிரி இருக்கு" என்றார். மச்சான் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே விட்டுக்கொண்டார். இதற்குப் பிறகும் முள் ஏறினால் இடம், மரியாதை எதுவும் பார்க்காமல் அங்கேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும்.

ஃபேன் ஃபியூஸ் போயிருந்தது. மாற்று ஃபியூஸ்கள் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்தேன். போட்டதும் ஃபேன் சுற்றியது. ஆனால் ஃபியூஸ் சும்மா போகாது. லாரி ஊர் என்பதால் ஹொசபேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் பஞ்சமில்லை. ஒரு பையன் மோட்டாரைக் கழற்றி, தேய்ந்துபோன கார்பனை (மோட்டாருக்குள் உரசிக்கொண்டே கரன்ட் கொடுக்கிற துண்டு) என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். சுண்டு விரல் நகம் அளவுகூட மிச்சமில்லை. புது கார்பன் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டியைக் கொடுத்துவிட்டான். மறுநாள் இல்கல் தாண்டி, ஆலமட்டி பக்கம் கிருஷ்ணாவைக் கடந்து, சோலாப்பூர் வழியாகப் பண்டரிபுரம்.

"ஊரில் ஃபேனைப் பார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். பார்த்தேன், ஓடியது, ஏற்காட்டிலும் ஓடியது. கழற்றிப் பார்த்தால்தான் கார்பன் தெரியும். ஓடுகிற ஒவ்வொரு மோட்டாரையும் கழற்றிக்கொண்டிருந்தால் நான் இன்னும் சேலத்திலேயே இருப்பேன். பழைய வண்டியில் எல்லாவற்றையும் புதுசாக்க முடியாது. ஃபியூஸ், ரிலே, கிளட்ச் கேபிள், ஆல்டர்னேட்டர் பெல்ட், ஒரு லிட்டர் ஆயில், கூலன்ட் கேன் இவ்வளவும் டிக்கியில் ஒரு பை. பொருள் கையில் இருந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் மாட்டிக் கொடுத்துவிடுவார். பதினைந்து வருடப் பழைய வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பொருள் தேடுவதுதான் நரகம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டப வாசலில் விசில் வைத்துக்கொண்டு நின்றவர் என் வண்டியைப் பார்த்ததும், "பழைய வண்டியெல்லாம் பின்பக்கம் விடுங்க சார், முன்னாடி போட்டோ எடுப்பாங்க" என்றார். அம்மாவை இறக்கிவிட்டுப் போகிறேன் என்றதற்கும் விடவில்லை. பின்வாசலில், பந்தி எச்சில் இலை கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கி நடத்திக் கூட்டிப் போனேன். முன்னால் நின்ற பளபள வண்டிகளில் பாதிக்கு வருமான விவரம் எழுதிக் கொடுத்தது நான்தான். எத்தனை மாதத் தவணை பாக்கி என்று எனக்குத் தெரியும். சரி, விடுங்கள்.

காகிதங்களும் முக்கியம். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. என் வண்டி சரியாக அதற்குப் பிறகு மாட்டியது, பசுமை வரி தனி. வலித்தாலும் கட்டிவிடுங்கள். காலாவதியான ஆர்.சி.யோடு விபத்து ஆனால் இன்சூரன்ஸில் சிக்கல். புகைச் சான்றிதழ், ஃபாஸ்டேக் இருப்பு இரண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது தர்மபுரியிலிருந்து தொப்பூர் இறக்கம் வரும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இறக்கிவிட்டுப் போங்கள். அங்கே நடந்த விபத்துகளைச் சேலத்துக்காரர்களிடம் கேளுங்கள். மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: ஏ.சி.யோடு, நாலு பேரோடு, 80-ஐத் தாண்டாமல் ஓட்டினால் எனக்குக் கட்டுப்படியானது. எத்தனால் கலந்த பெட்ரோலால் கொஞ்சம் குறைந்தது போலத்தான் தெரிகிறது. அதற்காக வண்டியை விற்க முடியாது. ஆனால் பெட்ரோல் ஹோஸ்களும் ரப்பர்தான், பழசாக இருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டி என்ன மாடல், பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பெல்ட் மாற்றினார்களா என்றே தெரியாது என்றால் மட்டும் நான் கேட்காமலே சொல்வேன்: மாற்றாமல் கிளம்பாதீர்கள், இன்னோவாவே சொல்லிவிடுங்கள்.