சர்வர் மாறியது, ஸ்கிரிப்டுகள் வரவில்லை

கேள்வி: குடும்பப் புகைப்படங்களுக்காக ஒரு வாடகை சர்வர் வைத்திருக்கிறேன். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றித் தருகிறோம், எல்லாம் அப்படியே வந்துவிடும் என்று தனிக் கட்டணம் வாங்கினார்கள். தளம் வந்தது. நான் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டுகள் (தானாக நகலெடுக்கும் கட்டளைக் கோப்புகள்) வரவில்லை. பழைய சர்வரையும் அழித்துவிட்டார்கள். கேட்டால், "அவை உங்கள் சொந்தக் கோப்புகள்" என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: சொந்தக் கோப்புகளைக் கொண்டுவரத்தானே காசு கொடுத்தீர்கள்! உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

என் நெடுநாள் வயிற்றெரிச்சல் இது. இந்தச் சேவையை விற்பவர்கள் பெரும்பாலும் தள ஃபோல்டர், தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். நாம் எழுதிய ஸ்கிரிப்டுகளோ ஹோம் ஃபோல்டரில் உள்ள 'பின்' என்ற துணை ஃபோல்டரிலும், யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் உள்ள 'பின்'னிலும் கிடக்கும். அவற்றை எப்போது ஓட்டுவது என்று சொல்லும் கிரான் பட்டியல் இரண்டிலும் இருக்காது. அதன் இடம் 'வார்' ஃபோல்டரின் ஸ்பூல் பகுதி. ஸ்கிரிப்ட் வந்து பட்டியல் வராமல் போனால் பிழைச்செய்திகூட வராது, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும். நான் பணம் கட்டி வாங்கிய ஒரு பேக்கப் சேவையும் தள ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு, 'முழு சர்வர்' என்று பில் போட்டது. அந்தப் பணம் திரும்பவே இல்லை.

எந்தெந்த ஃபோல்டர்கள் வரும், கிரான் பட்டியல் வருமா, பழைய சர்வர் எத்தனை நாள் இருக்கும் என்பதை முன்பணம் கேட்கும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் இருந்தால், பழைய சர்வர் ஒரு மாதமாவது இருந்தாக வேண்டும்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது: அவர்களிடம் பழைய நகல் உள்ளதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ரசீதையும் அவர்கள் கொடுத்த வாக்குறுதியையும் பத்திரப்படுத்துங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். விடாதீர்கள்.

கேள்வி: ஸ்கிரிப்டுகளை நானே நகலெடுத்தேன். சென்ட்ஓஎஸ்ஸில் ஓடியவை உபுண்டுவில் அடைப்புக்குறி வந்ததும் நின்றுவிடுகின்றன. சர்வர் விற்றவர் மீது புகார் செய்யலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. அவர் நல்ல சரக்கைத்தான் கொடுத்திருக்கிறார். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'பின் எஸ்ஹெச்' என்று இருக்கும். சென்ட்ஓஎஸ்ஸில் அதன் பின்னால் இருப்பது பாஷ் என்ற ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல். உபுண்டுவில் 2006 முதல் டாஷ் என்ற வேறொரு ஷெல். இரட்டைச் சதுர அடைப்பு டாஷுக்குப் புரியாது. முதல் வரியை 'பின் பாஷ்' என்று திருத்துங்கள். தளத்தை வழங்கும் மென்பொருளான அப்பாச்சியை மறுபடி தொடங்கும் வரி இருந்தால் அதையும் பாருங்கள்: அங்கே 'ஹெச்டிடிபிடி' என்றிருந்த சேவையின் பெயர் இங்கே 'அப்பாச்சி2'.

கேள்வி: தள்ளுபடி என்பதால் போன மாதம் சென்ட்ஓஎஸ் 7 சர்வரை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தேன். இப்போது வேறு சிஸ்டத்துக்கு மாறச் சொல்லிக் காசு கேட்கிறார்கள். (சேலம் வாசகர்)

பதில்: சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்று ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுகிறவர் ஒரு நிமிடம் தேடிப் பார்க்க வேண்டாமா? விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது! ஆனாலும் மாற்றக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். காலாவதியானதை விற்றவர்களே செலவை ஏற்கட்டும்.

கேள்வி: ஸ்கிரிப்டுகளைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோக ஒரு மென்பொருள் விற்கிறார்கள். வாங்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டித் தரும், லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் 'டார்' கட்டளையே போதும்.