நட்பு, விசுவாசம், கடைசிவரை கூட நிற்பது பற்றிய படங்கள் ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்கின்றன?

விட்டுவிட்டுப் போக எல்லா நியாயமும் இருந்தும் ஒருவன் போகாமல் நிற்கிறான் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் இந்தப் படங்களுக்குப் போகிறோம் என்று நினைக்கிறேன். பாட்டு, கேலி, கிண்டல் எல்லாம் படத்தைக் கலகலப்பாக்கும். ஆனால் தொண்டை அடைப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

ஜான் டூபி, லீடா காஸ்மிடிஸ் என்ற பரிணாம உளவியலாளர்கள் இருவர் 1996இல் நட்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வங்கிக்காரரின் சிக்கல் என்று ஒன்றை அதில் சொல்கிறார்கள். கையில் காசு இருப்பவனுக்கு வங்கி தயங்காமல் கடன் தரும். நொடித்துப்போனவன் வந்து நின்றால், திரும்பக் கட்டுவானா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆக, யாருக்கு உதவி மிக அவசரமோ அவனுக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. ஆதி மனிதர்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். காலொடிந்து கிடப்பவனால் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது, கணக்குப் பார்த்து உதவுகிறவர்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். இவனுக்கு ஈடாக இன்னொருவன் கிடையாது என்று நினைக்கிற யாராவது இருந்தால்தான் அவன் பிழைப்பான். ஆழமான நட்பு நமக்குள் வளர்ந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

நிரூபிக்கக் கடினமான கருத்துதான். ஆனாலும் எனக்குச் சரி என்று படுகிறது. நட்புப் படங்களில் நாயகனை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். பணம் போயிருக்கும், பேர் கெட்டிருக்கும், ஊரே எதிராக இருக்கும். அவனோடு நிற்பதில் யாருக்கும் ஒரு லாபமும் இருக்காது.

2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டிலும் பெரிய வெற்றி பெற்ற மலையாளப் படம். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் உண்மையாகவே நடந்த கதை. சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறார். அதில் விழுந்தவர் பிழைக்க மாட்டார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை, அறிவுபூர்வமான பேச்சுதான். நண்பர்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியில் அவர்களில் ஒருவரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். வீரத்துக்காக மட்டும் அந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்று நான் நினைக்கவில்லை. இறங்கியவரைவிட, மேலே சேற்றில் நின்றுகொண்டு அந்த இடத்தைவிட்டு அசைய மறுத்தவர்கள்தான் என்னை அதிகம் உலுக்கினார்கள்.

நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு சோதனை பெரும்பாலோருக்கு வருவதில்லை. வேலை போய் நான் வீட்டோடு கிடந்த காலத்தில் ஒரு நண்பன் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். அவனால் எனக்கு வேலை வாங்கித்தர முடியாது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சும்மா ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். நட்பு பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல் நடப்பதால், நடக்கும்போது அதன் கனம் தெரிவதில்லை. சினிமா அதற்கு ஒரு குழியையும் கயிற்றையும் கொடுத்து, கண்ணால் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுகிறது. திரையில் தெரியும் முகத்துக்குப் பின்னால் நமக்கு வேறொரு முகம் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று, அண்ணன் தம்பியைக் கைவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். நண்பன் மெல்ல விலகிப்போனால் யாரும் கேட்கப்போவதில்லை. எந்தச் சட்டமும் அவனைக் கட்டுப்படுத்தாது. அதனால் அவன் நின்றான் என்றால், முழுக்க முழுக்க தானாக நின்றான் என்று அர்த்தம். 1991இல் வந்த 'தளபதி' இதைத்தான் கையில் எடுத்தது. கர்ணன், துரியோதனன் கதையின் இன்றைய வடிவம் அது. சொந்தத் தாயும் தம்பியும் யார் என்று தெரிந்த பிறகும் சூர்யா தேவாவோடேயே இருக்கிறான். ரத்த உறவு ஒரு பக்கம் இழுக்கும்போது அவன் எடுக்கும் முடிவு என்பதால்தான் அதற்கு அவ்வளவு எடை.

ஆனால் கர்ணன் நின்ற பக்கம் தப்பான பக்கம் என்பதையும் மறக்க முடியவில்லை. நண்பனுக்காக அரிவாளைத் தூக்குவதுதான் விசுவாசம் என்று காட்டும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவற்றில் நட்பு பழிவாங்குவதற்கு ஒரு சாக்காகிவிடுகிறது. பெண்களுக்கு இடையிலான நட்பை இதே அழுத்தத்தோடு சொல்லும் படங்கள் மிகக் குறைவாக இருப்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. நண்பனிடம் "நீ செஞ்சது தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அப்புறமும் அவன் பக்கத்திலேயே இருந்து விளைவைச் சேர்ந்து சுமக்கிற ஒரு பாத்திரத்தை எழுதுவது கடினம். அப்படி ஒரு படம் வந்தால் நான் இரண்டாம் முறையும் போய்ப் பார்ப்பேன்.