கைப்பேசியில் 140 காட்டுகிறது, பயப்பட வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமானில் குடியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் கைப்பேசிக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். எங்கள் வீட்டிலிருந்து நூறு மீட்டர்தான் இருக்கும். படிவம் மூன்றில் படிக்கும் மகன் ‘கதிர்வீச்சு மீட்டர்’ என்று ஒரு செயலியை இறக்கி வீடெல்லாம் அளந்தான். ஐஸ்பெட்டிக் கதவருகே 140, மாமியாரின் இரும்புக் கட்டிலில் 95, கூடவே சிவப்பு எழுத்தில் ‘ஆபத்து’. மாமியார் அந்த அறையில் படுக்க மறுக்கிறார். கோபுரத்தை எடுக்கச் சொல்லித் தாமானில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த எண் உண்மையா? வீட்டில் நாமே அளக்க வழி இருக்கிறதா?

பதில்: முதலில் உங்கள் மாமியாரைத் தைரியமாக அவருடைய கட்டிலிலேயே படுக்கச் சொல்லுங்கள். மகன் பார்த்த எண்களுக்கும் கோபுரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெரும்பாலான கைப்பேசிகளில் திசைகாட்டிக்காக ஒரு சிறிய காந்த உணரி இருக்கிறது. வரைபடத்தில் நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அம்புக்குறி காட்டுவது அதன் உதவியால்தான். ‘கதிர்வீச்சு மீட்டர்’, ‘இஎம்எஃப் மீட்டர்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளில் பெரும்பாலானவை அந்த உணரி தரும் எண்ணை எடுத்து, முள்ளும் வண்ணமும் சேர்த்துக் காட்டுகின்றன. எண்ணின் அலகு மைக்ரோடெஸ்லா. சில செயலிகள் மில்லிகாஸ் என்ற அலகில் காட்டும். அதே அளவு அங்கே பத்து மடங்கு பெரிய எண்ணாகத் தெரியும், பயமும் பத்து மடங்காகும். எத்தனைக்கு மேல் போனால் சிவப்பு என்பதைச் செயலி எழுதியவர் தம் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார். அதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது.

இதை என் பேச்சை மட்டும் நம்பி ஏற்க வேண்டாம். மகனை அழைத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். கார், கோல் கம்பம், வேலி எதுவும் அருகில் இல்லாமல் நடுவில் நின்று செயலியைத் திறந்தால் 42-ஐ ஒட்டி ஓர் எண் வரும். உணரியின் பிழையால் ஐந்தாறு கூடலாம், குறையலாம். அது பூமியின் சொந்தக் காந்தப்புலம். சுங்கை சிப்புட்டில் முதல் பால்மரம் நடுவதற்கு முன்பும் அது இருந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அதே கதவருகே அளந்து பாருங்கள். 140 அப்படியே நிற்கும். கதவை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் பட்டைக்குள் காந்தம் இருக்கிறது, அதைத்தான் கைப்பேசி பார்த்தது. கட்டிலில் 95 வந்ததற்குக் காரணம் இரும்பு. கடைசியாக, வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். எண் அசையாது. கோபுரமும் வைஃபையும் அனுப்பும் வானலை என்பதே அந்த உணரிக்குத் தெரியாது. கோபுரத்தை நாளைக்கே பெயர்த்து எடுத்தாலும் கட்டிலில் அதே 95 இருக்கும்.

இப்படி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் காந்தப்புலத்துக்கு, அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 400,000 மைக்ரோடெஸ்லா. உங்கள் ஐஸ்பெட்டியின் 140-ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்கம்பி விஷயம் வேறு. தோட்டத்தின் நடுவே போகும் தெனாகா மின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கம்பியை இதே செயலியால் அளக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. கைப்பேசியின் காந்த உணரி பொதுவாக நொடிக்கு நூறு முறைக்கு மேல் படிப்பதில்லை, பல கைப்பேசிகளில் அதைவிடக் குறைவு. அந்த வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் அலையை ஒழுங்காகப் பிடிக்க வழியில்லை. மின்கம்பிக்கு மூன்று திசையிலும் காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் என்ற கருவி வேண்டும். இந்தப் புலத்துக்கு அதே ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 2010 முதல் 200 மைக்ரோடெஸ்லா. முடி உலர்த்தும் கருவியை மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் அதைத் தாண்டிய அளவுகூட வரலாம். முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் ஏழு மைக்ரோடெஸ்லாவுக்குள் அடங்கிவிடும். தூரம் கொஞ்சம் கூடினாலே புலம் சட்டென்று விழுந்துவிடுகிறது.

சரி, கோபுரத்தின் வானலையைக் கைப்பேசி அளக்கவே அளக்காதா? அளக்கும், ஆனால் வேறொரு வழியில். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளைத் திறந்து, ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் தட்டுங்கள். சிக்னல் பலம் என்ற இடத்தில் மைனஸ் 95 டிபிஎம் என்பதுபோல் ஓர் எண் இருக்கும். ஐபோனில் அழைப்புப் பலகையில் *3001#12345#* என்று அழுத்தினால் சோதனைத் திரை வரும். ‘நெட்வொர்க் செல் இன்ஃபோ’ போன்ற ஆண்ட்ராய்டு செயலிகள் இதே எண்ணைத்தான் வரைபடமாகக் காட்டுகின்றன. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த எலெக்ட்ரோஸ்மார்ட் செயலி செல், வைஃபை, புளூடூத் மூன்றையும் இந்த முறையில்தான் படித்தது. காந்த உணரியை நம்பும் செயலிகளை விட இவை நேர்மையானவை.

டிபிஎம் கணக்கு பழகினால் எளிது. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகும், முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். மைனஸ் 90 என்பது ஒரு மில்லிவாட்டை நூறு கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. மைனஸ் 60 அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. அப்படியும் ஒரு மில்லிவாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.

இந்த எண்ணுக்கும் எல்லைகள் உண்டு. 4ஜியில் கைப்பேசி காட்டுவது, உங்கள் சிம் நிறுவனத்தின் கோபுரம் அடையாளத்துக்காக அனுப்பும் குறிப்புச் சமிக்ஞை ஒன்றின் பலத்தை மட்டுமே. அதே கோபுரத்தில் வேறு இரண்டு நிறுவனங்களின் ஆண்டெனாக்கள் இருந்தாலும் அவை இந்தக் கணக்கில் வராது. தாமானே சேர்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு ஒன்பது மணிக்கும் யாரும் தொடாத விடியற்காலைக்கும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே உடம்பின் மேல் மொத்தம் எவ்வளவு அலை விழுகிறது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்கு இதைப் பார்க்கச் சொல்கிறேன்? உங்கள் கேள்வியில் வராத ஒரு கருவிக்காக. அது உங்கள் குடும்பத்தின் கையிலேயே இருக்கும் கைப்பேசி.

கைப்பேசி கேட்பதோடு நிற்பதில்லை, கோபுரத்துக்குப் பதிலும் சொல்கிறது. கோபுரம் கிட்டே இருந்தால் மெல்லப் பேசினால் போதும், ஒரு மில்லிவாட்டைச் சுற்றிய சக்தியிலேயே வேலை முடிந்துவிடும். லைன் மோசமாக இருந்தால் கத்த வேண்டும். 4ஜி கைப்பேசி அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை போகும். இருநூறு மடங்கு வித்தியாசம், அதுவும் காதை ஒட்டி. ‘லைன் புள்ளி நிறைய இருந்தால் கதிர்வீச்சு அதிகம்’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, நம் தலைக்கு வந்து சேரும் அளவில் உண்மை அதற்கு நேர்மாறு.

நான் முப்பது ஆண்டு தொலைத்தொடர்பு வேலையில் இருந்தவன், பாதி நாள் பேராக் தோட்டப்புறங்களில்தான் கழிந்தது. செம்பனைக் காட்டு நடுவே, தகரம் போட்ட லயத்து வீடுகளில், ஒற்றைப் புள்ளி லைனைப் பிடிக்க வாசற்படியில் நின்று காதோடு அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசி சூடேறிக் கன்னம் சிவந்திருக்கும். கோபுரம் வருவதற்கு முன் உங்கள் தாமானிலும் இப்படித்தானே இருந்திருக்கும்? கோபுரத்தை எடுத்துவிட்டால் அந்த நாட்கள் திரும்பி வரும். கையெழுத்துப் போடுகிறவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் அளக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மகனே செய்யட்டும், ஆர்வம் இருக்கிற பையன். கூடம், ஒவ்வொரு படுக்கையறை, அடுப்படி, வாசல், பள்ளி பஸ் நிற்கும் இடம் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசியை ஒரே மாதிரி பிடித்து அரை நிமிடம் காத்திருந்து டிபிஎம்மைக் குறிக்கச் சொல்லுங்கள். கை அசைந்தாலே நாலைந்து மாறும் என்பதால் மூன்று முறை படிப்பது நல்லது. வீட்டில் இரண்டு நிறுவன சிம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மைனஸ் 85-ஐ விட மேலாக, அதாவது மைனஸ் 80, 70 என்று இருந்தால் நல்ல லைன். மைனஸ் 105-க்குக் கீழே போனால் கைப்பேசி சிரமப்படுகிறது. மைனஸ் 115-ஐ ஒட்டினால் முழுச் சக்தியில் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒலிபெருக்கியில் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்துப் பேசுங்கள், அல்லது வைஃபை வழியாக அழையுங்கள். இரவில் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். அலாரம் வேண்டுமென்றால் விமானப் பயன்முறையில் போட்டாலும் அடிக்கும்.

வைஃபை பெட்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. அது 0.1 வாட் அளவில் இடைவிடாமல் அனுப்பினாலும் ஒரு மீட்டர் தள்ளி விழுவது சதுர மீட்டருக்கு 0.008 வாட். அந்த அலைவரிசைக்கு வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட்.

இனி கோபுரம். நூறு மீட்டர் என்கிறீர்கள், கணக்குப் போட்டுவிடலாம். ஓர் ஆண்டெனா 40 வாட் அனுப்புகிறது, அதை ஒரு திசையில் ஐம்பது மடங்கு குவிக்கிறது என்று வைப்போம். கற்றையின் நேர் நடுவில், தடையில்லாமல், நூறு மீட்டரில் சதுர மீட்டருக்கு 0.016 வாட் வரும். மூன்று அலைவரிசை சேர்ந்து முழு வேகத்தில் ஓடினால் 0.05 வாட்டை ஒட்டும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு வரம்பு 4.5 வாட், மற்ற அலைவரிசைகளுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே நீங்கள் இருப்பது வரம்பின் நூற்றில் ஒரு பங்கை ஒட்டி. சுவரும் கூரையும் தடுத்தபின் இன்னும் குறையும். பால்மரம் சீவப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் முன்னால் இருக்கும் மரத்தில் விழும், அவர் காலடி இருட்டாகவே இருக்கும். ஆண்டெனாவும் அப்படித்தான் சற்றே குனிந்து தூரத்தைப் பார்க்கிறது. கோபுரத்துக்கு நேர் கீழே இருக்கும் கோயிலில் பெரும்பாலும் உங்கள் வீட்டை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

அதில் 5ஜி ஆண்டெனாவும் இருந்தால் என் எளிய கணக்கு போதாது. அது பயன்படுத்துபவர் பக்கம் கற்றையைத் திருப்பித் திருப்பி அனுப்புவது, அளவு நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அதனால்தான் முறையாக அளக்கக் கேளுங்கள் என்கிறேன்.

உடல்நலம் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானலைகளை ‘ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவு, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியவில்லை என்பது அதன் பொருள். அந்தக் கவலைக்கு முக்கியக் காரணம் காதோடு வைத்து நெடுநேரம் பேசுகிறவர்களிடம் நடந்த ஆய்வுகள். 2024-இல் அதே உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு வெளிவந்த தொகுப்பாய்வு 63 ஆய்வுகளை அலசி, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இவ்வளவு தெரிந்தும் நான் ஒலிபெருக்கியில்தான் பேசுகிறேன், பேரப்பிள்ளைகளையும் அப்படியே பழக்கியிருக்கிறேன். தள்ளி வைப்பதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை.

கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டாம், கோரிக்கையை மட்டும் மாற்றுங்கள். ‘எடுத்துவிடு’ என்று எழுதினால் பதில் வர நாளாகும். ‘எங்கள் தாமானில் வானலை அளவை அளந்து, அறிக்கையை எங்களுக்குக் கொடுங்கள்’ என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். எம்சிஎம்சி என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன் இணையப் புகார்த் தளத்திலேயே பதியலாம். கோபுரங்களின் அலையளவுக்கு அவர்களிடம் கட்டாயத் தரநிலை இருக்கிறது, அது நான் மேலே சொன்ன ஐசிஎன்ஐஆர்பி வரம்புகளை ஒட்டியது. கோபுரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் அதைத் தனிக் கடிதமாகக் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திடம் கேளுங்கள், சுங்கை சிப்புட் அதன் கீழ்தான் வருகிறது. சொந்தச் செலவில் அளக்க விரும்பினால் மலேசிய அணுசக்தி நிறுவனமான நியூக்ளியர் மலேசியாவும் இந்தச் சேவையைச் செய்கிறது. இணையக் கடையில் விற்கும் மலிவு மீட்டரை வாங்கிக்கொண்டு அதிகாரிகளிடம் போகாதீர்கள். அளவுத்திருத்தச் சான்றிதழ் இல்லாத கருவியின் எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அளக்க வருகிறவர்களை மாலை ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் கோபுரத்துக்கு வேலை அதிகம். எந்த அலைவரிசையில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவியா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு மாடி, தமிழ்ப்பள்ளி, கோயில் மூன்றிலும் அளக்கட்டும். அறிக்கை வந்ததும் மற்ற எண்களை விட்டுவிட்டு, வரம்பில் எத்தனை விழுக்காடு என்று போட்டிருக்கும் பத்தியை முதலில் பாருங்கள். புரியாத இடம் இருந்தால் ஒரு படியை எனக்கு அனுப்பி வையுங்கள், வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். மகனின் நோட்டுப் புத்தகக் கணக்கையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.