மண்ணைக் காக்க விவசாயிக்குப் பணம்: சில கேள்விகள், பதில்கள்

மண் வளம், மானியம் பற்றி நம் தோட்டக் குழுவினர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஈசூன் வாசகி: அக்கா, சிங்கப்பூரில் வயலே இல்லை. மண் அரிப்பு நமக்கு எதற்கு?

நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. சந்தையில் நாம் வாங்கும் முட்டைக்கோஸ் மலேசியாவின் கேமரன் மலையில் விளைந்ததாக இருக்கலாம். கனமழை பெய்தால் அங்கே ஓடைத் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடும். அந்த மண்தான் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிந்து அதை மேடாக்குகிறது.

ஜூரோங் வாசகர்: மண் கெட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தானே? பணம் எதற்கு?

செலவு இன்றைக்கு, பலன் சில வருஷம் கழித்து. அதிலும் ஒரு பங்கு, மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. அப்புறம், கேமரன் மலையில் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்துவந்தார்கள். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர், பத்து வருஷம் நிற்கும் படிவரப்பை எந்தத் தைரியத்தில் வெட்டுவார்? முதலில் நீண்ட குத்தகை கொடுங்கள், பணத்தைப் பிறகு பேசலாம் என்பேன்.

அங் மோ கியோ வாசகர்: பணம் நின்றதும் பழையபடி உழுதுவிடுவார்களே?

உழுகிறார்கள்தான். அமெரிக்காவில் அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் புல்லும் மரமுமாக விட்டுவைக்க, 1985 முதல் 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை தருகிறார்கள். 2007இல் சுமார் 3.7 கோடி ஏக்கர் அதில் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியது, திட்டத்தில் சேர்க்கும் பரப்பின் உச்சவரம்பை அரசும் குறைத்தது. 2015க்குள் சுமார் 2.4 கோடியாக இறங்கிவிட்டது. அதனால், நிலத்தைச் சும்மா போடத் தரும் பணத்தைவிட, பயிர் செய்துகொண்டே மண்ணைக் காக்கும் முறைக்கு மாற முதல் இரண்டு மூன்று வருஷம் கைகொடுக்கும் பணமே எனக்குப் பிடிக்கும். லாபம் கண்ணுக்குத் தெரிந்த பழக்கத்தை யாரும் லேசில் விடமாட்டார்கள்.

அவரே: ஏற்கெனவே நன்றாகச் செய்கிறவருக்கு?

கட்டாயம் தர வேண்டும். இல்லையென்றால், முன்னால் செய்தவர் ஏமாளி என்றாகிவிடும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: தஞ்சாவூரில் தம்பி தக்கைப்பூண்டு (மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி) விதைக்கப் போகிறான். உதவி உண்டா?

தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் கொடுத்தார்கள். இந்தப் பருவத்துக்கும் உண்டா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கச் சொல்லுங்கள். பூக்கிற சமயத்தில், சுமார் 45 நாளில் மடக்கி உழ வேண்டும். விட்டால் தண்டு முற்றி நார் பாய்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு செடியை மண்ணோடு கெல்லி, வேரை அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது பிடித்துக்கொண்டிருக்கிறது.