வானில் ஒரு இடம் இருக்குமோ, தம்பி?

கேள்வி: எனக்கு 37 வயது. உப்புவெளியில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். அம்மா யாழ்ப்பாணம் நாவாந்துறையில் பிறந்து, கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்தவர். அதனாலேயே நாவாந்துறை சென்மேரிஸ் உதைபந்தாட்ட அணி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்து உயிர். பாசையூர் சென் அன்ரனீசுடன் மட்ச் விழுந்தால் ஆறு கூட்டாளிகளோடு வான் பிடித்து யாழ்ப்பாணம் போய்விடுவேன். சனி விடியப்புறம் வெளிக்கிட்டால் ஞாயிறு இரவு வீடு. என் பங்குக்கு 12,000 ரூபாய் முடியும். இந்த முறை போகக்கூடாது என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறார். போன முறை வான் வெளிக்கிடும்போது அம்மாகூட "ஒரு இடம் இருக்குமோ தம்பி" என்று கேட்டார். பெடியள் போகிற வான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவரே பிறகு ஒன்றும் சொல்லவில்லை, மனைவிக்கு மட்டும் என்ன பிரச்சினை? இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, மட்ச் பார்க்கப் போகும் கணவன், வேண்டாம் என்கிற மனைவி: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கிரிக்கெட் என்று எழுதுகிறார்கள், வள்ள ஓட்டம் என்று எழுதுகிறார்கள். மனைவியைச் சமாதானப்படுத்த வழி கேட்டு எழுதினீர்கள். அதை நான் பிறகு தொடுகிறேன். முதலில் உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

"அவரே ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னாரே! வானுக்குப் பக்கத்தில் வந்து, உங்கள் கூட்டாளிகளுக்கு முன்னால், வாய்விட்டுக் கேட்டாரே! பெற்ற பிள்ளையிடம் ஒரு தாய் அதற்குமேல் எப்படிக் கேட்பது? இந்தத் தலைமுறை அம்மாமார் தங்களுக்கென்று எதையும் லேசில் கேட்கமாட்டார்கள். சட்டியில் மீன் குறைந்தால் "எனக்குப் பசியில்லை" என்பார்கள். அப்படிப்பட்டவர் "இருக்குமோ" என்று கேட்டிருக்கிறார். எத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்து கேட்டிருப்பார் என்று யோசித்தீர்களா?

அவர் கேட்டது என்ன? தான் பிறந்த ஊருக்குப் போகிற வானில் ஒரு சீட். நீங்கள் உயிர் என்று சொல்கிற அந்த அணி அவருடைய ஊரின் அணி. உங்களுக்கு நாவாந்துறையைத் தந்ததே அவர்தான். அந்த ஊரின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு நீங்கள் துரையப்பா மைதானத்தில் கத்துகிறீர்கள். அந்த ஊரில் பிறந்தவர் உப்புவெளியில் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இதை வாசிக்கக் கோபம்தான் வந்தது.

உங்கள் வயதுக்கு இது தெரியாமலும் இருக்காது. 2006 ஓகஸ்டில் சண்டையால் முகமாலையில் ஏ9 பாதை பூட்டியபோது, திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் காங்கேசன்துறைக்குக் கப்பல். அதற்கும் பதிவு, அனுமதி, காத்திருப்பு. தாய் தகப்பனின் செத்த வீட்டுக்குக்கூடப் போய்ச்சேர முடியாமல் இங்கே இருந்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். இன்று ஹொரவப்பொத்தானை, வவுனியா, ஆனையிறவு என்று ஐந்து மணித்தியாலத்தில் போய் இறங்கிவிடலாம். பாதை திறந்து இத்தனை வருடத்தில் அம்மா எத்தனை தரம் ஊருக்குப் போனார்? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, மனைவி விசயம். அம்மா ஏறினால் அந்த வானில் என்னென்ன செய்யமுடியாது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுதாததை நான் கிண்டப் போவதில்லை. ஆனால் தாய் ஏறமுடியாத வானில் கணவன் ஏறும்போது மனைவிக்கு மனம் எரிவதில் என்ன பிழை? 12,000 ரூபாய் அதற்குப் பிறகுதான்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கே நாவாந்துறை, கிழக்கே பாசையூர், நடுவில் மைதானம். இரண்டு கடற்கரையும் திரண்டு வந்து நிற்கிற அந்தப் பின்னேரத்துக்கு ஆசைப்படாதவன் யார்? போங்கள். அம்மாவோடு போங்கள். சாரதிக்குப் பக்கத்துச் சீட் அவருக்கு. வவுனியாவில் நல்ல மலசலகூடம் உள்ள கடையாகப் பார்த்து நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடிக்க வைத்து, காலை நீட்டி நடக்கவிடுங்கள். பிரசர் குளிசை இருந்தால் அது உங்கள் பையில் இருக்கட்டும். கூட்டாளிகள் முகம் சுளித்தால் வானை அவர்களோடு விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் போங்கள்.

மத்தியானத்துக்கு முன்னர் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நீங்களும் உள்ளே இருங்கள். வாசலோடு திரும்பினால் அங்கே அவருக்குத்தான் தலைகுனிவு. மட்சுக்கு வருகிறாரா என்றும் கேட்டுப்பாருங்கள். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற ஊர்வலத்தைப் படலையடியில் நின்று பார்த்து வளர்ந்தவராக இருப்பார், உங்களைவிட நன்றாக ஆட்டம் விளங்கும். ஞாயிறு காலை ஊர்க் கோயிலில் பூசை, பிறகு சந்தையில் மீன் வாங்கி ஒரு ஒடியல் கூழ். அதைக் குடித்து முடித்து அவரே "போவோம்" என்று சொல்லும்வரைக்கும் மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள்.

மனைவியிடம் பேச இப்போது ஓடவேண்டாம். இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் நேரே குசினிக்குப் போய், "அம்மா, யாழ்ப்பாணம் போக எந்தச் சீலையை எடுத்து வைக்கிறீங்கள்?" என்று கேளுங்கள். மனைவியும் அங்கேதான் நிற்பார், அவர் காதிலும் விழட்டும்.