கார் ஸ்டார்ட் ஆனதும் எரிகிற லைற்றை நம்பவேண்டாம், தம்பி

யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம், பழைய கொரோலா ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி மூன்று. ஸ்டார்ட் பண்ணினாலே முன்லைற் எரிகிறது, ஓஃப் பண்ணமுடியவில்லை, பழுதா? பகலில் லைற் போடவேண்டும் என்று இங்கே சட்டமா? பின்னேரம் போகும்போது எதிரே வருகிறவர்கள் ஏன் லைற்றை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள்?

பழுதில்லை. அது பகல் லைற். 1989 டிசம்பர் 1க்குப் பிறகு கனடாச் சந்தைக்கென்று செய்த எல்லாப் புதுக் காரிலும் அது இருக்கவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. சாரதி மறந்தாலும் தானாக எரியவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், அதனால்தான் உங்களுக்கு ஓஃப் சுவிச் தரவில்லை. ஊரில் பகலில் லைற் எரிந்தால் எதிரே வருகிறவர் விரலை மடக்கி விரித்து "லைற் எரியுது" என்று சொல்லுவார். இங்கே அப்படி ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்தான் முக்கியம். அவர்கள் லைற் அடிப்பது, இருட்டத் தொடங்கிய பிறகும் நீங்கள் பகல் லைற்றோடு மட்டும் ஓடுவதால். பகல் லைற் எரியும்போது காரின் பின்பக்கம் முழு இருட்டு. பின்சிவப்பு லைற் எரியாது, பக்கத்து மஞ்சள் சிறுலைற்றுகளும் எரியாது. பிரேக் மிதித்தால் மட்டும் சிவப்புத் தெரியும். முன்னால் வெளிச்சம் விழுவதால் லைற் போட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைப்பீர்கள். பின்னால் நூறில் வருகிறவனுக்கு நீங்கள் இல்லவே இல்லை. இப்படி ஓடும் கார்களை இங்கே ஆவிக்கார் என்று சொல்லுவார்கள்.

இந்த மயக்கத்துக்கு டாஷ்போட்டும் ஒரு காரணம். முந்திய கார்களில் லைற் போடாவிட்டால் மீற்றர் தெரியாது, கை தானாகச் சுவிச்சுக்குப் போகும். பிறகு வந்த பல கார்களில் மீற்றர் எப்போதும் பளிச்சென்று எரிகிறது. தெருவிளக்கு நிறைந்த ஸ்காபரோவில் றோட்டும் தெரிகிறது, மீற்றரும் தெரிகிறது, பிறகு எதற்கு ஞாபகம் வரப்போகிறது? 2021 செப்டெம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு இதைத் திருத்தினார்கள். பகல் லைற்றோடு பின்லைற்றும் சேர்ந்து எரியவேண்டும், அல்லது இருண்டதும் எல்லா லைற்றும் தானாகப் போடவேண்டும், அல்லது லைற் போடாத சாரதிக்கு டாஷ்போட் இருட்டாகவே இருக்கவேண்டும், மூன்றில் ஒன்று. உங்கள் கார் அதற்கு முந்தியது. ஆகவே பொறுப்பு உங்கள் கையில்.

அந்தக் கை எங்கே போகவேண்டும் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் ஓடிய ஜப்பான் காரில் லைற் லீவர் ஸ்ரியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். இங்கே நேர்மாறு. அவசரத்தில் லைற் போடப் போய் வைப்பர் போடுவது புதிதாக வந்த எல்லோருக்கும் நடப்பது. உங்கள் கொரோலாவில் இடப்பக்க லீவரின் நுனியைத் திருப்பவேண்டும். முதல் திருப்பில் பார்க்கிங் லைற்றும் பின்லைற்றும் எரியும். இரண்டாவது திருப்பில்தான் ஹெட்லைற். ஃபோர்ட், ஜி.எம்., ஃபோல்க்ஸ்வாகன் வகைகள் பலவற்றில் லீவரில் இருக்காது. டாஷ்போட்டின் இடதுகோடியில் ஒரு வட்டத் திருகி இருக்கும்.

போட்டாயிற்றா என்பதை முன்னால் விழும் வெளிச்சத்தை வைத்துத் தீர்மானிக்கவேண்டாம். மீற்றரைப் பாருங்கோ. முதுகோடு முதுகாக நிற்கிற இரண்டு சின்ன விளக்குப் படம் பச்சையில் எரிந்தால் பின்லைற் எரிகிறது என்று பொருள். நீலத்தில் நேர்கோடுகளோடு விளக்குப் படம் வந்தால் ஹைபீம். பச்சை இல்லாவிட்டால் பின்பக்கம் இருட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கோ. எல்லா மொடலிலும் இந்தப் பச்சைப் படம் இல்லை. அப்படியென்றால் இருட்டிய பிறகு ஒரு கடைக் கண்ணாடிக்கோ கராஜ் கதவுக்கோ முதுகைக் காட்டி நிறுத்தி, பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட்டு ரியர்வியூ கண்ணாடியில் பாருங்கோ. காலை எடுக்காமல் பார்த்தால் பிரேக் லைற்றின் சிவப்பைப் பின்லைற் என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

இனிச் சட்டம். ஒன்ராறியோவில் சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முந்தித் தொடங்கி, உதித்து அரை மணி நேரம் வரை ஹெட்லைற்றும் பின்லைற்றும் எரியவேண்டும். டிசம்பர் நடுவில் ரொறன்ரோவில் சூரியன் 4.40 அளவில் மறைகிறது. ஆகவே பின்னேரம் 4.10க்கே லைற் எரியவேண்டும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையை ஏற்றி, கடைக்குப் போய் வருவதற்குள் அந்த நேரம் வந்துவிடும். காலையில் 8.15 வரை. ஜூனில் இதே கணக்கு இரவு 8.30க்குப் போகும். அரை மணி முந்தி என்பதைப் பலர் அரை மணி பிந்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு மாகாணங்களின் கணக்கு வேறாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அதே சட்டத்தின் இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறப்பது. மழை, பனிமூட்டம், ஸ்னோ எதுவானாலும், 150 மீற்றரில் ஆளோ வாகனமோ தெளிவாகத் தெரியாவிட்டால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் லைற் போடவேண்டும். 150 மீற்றர் எவ்வளவு? 401 ஹைவேயில் நூறில் ஓடினால் ஐந்தரை வினாடித் தூரம். முன்னால் போகிற ட்ரக் ஒரு பாலத்தடியைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கோ. ஐந்து எண்ணுவதற்குள் நீங்கள் அதே பாலத்தடிக்கு வந்துசேர்ந்தும் அந்த ட்ரக் தெளிவாகத் தெரியாவிட்டால் உங்கள் லைற் எப்போதோ எரிந்திருக்கவேண்டும். ஸ்னோ கொட்டுகிற பகலில் வெள்ளியோ வெள்ளையோ சாம்பலோ நிறக் கார், பின்லைற் இல்லாமல், ட்ரக் சில்லு கிளப்புகிற உப்புத்தண்ணிப் புகைக்குள் ஓடுவதைப் பின்னாலிருந்து பார்த்தால் விளங்கும்: கார் தெரியாது, இரண்டு சில்லின் கறுப்புக் கோடு மட்டும் றோட்டில் தெரியும்.

"அப்ப ஓட்டோவில் விட்டால் சரிதானே" என்று அடுத்த கேள்வி வரும். நம்மூர் மூன்று சில்லு ஓட்டோ இல்லை, லைற் சுவிச்சில் இருக்கிற ஓட்டோ. அது டாஷ்போட்டின் மேலே, முன்கண்ணாடிக்குக் கீழே, உளுத்தம்பருப்பளவு ஒரு கறுப்புப் பொட்டின் கீழ் இருக்கிற சென்சரை நம்பி வேலை செய்கிறது. அந்தச் சென்சர் அளப்பது வெளிச்சத்தை, தூரத்தை அல்ல. பனிமூட்டமும் ஸ்னோவும் பகலில் வெள்ளை வெளேரென்று பிரகாசமாக இருக்கும். சென்சருக்கு அது நல்ல வெயில். ஆகவே லைற் மிகவும் தேவைப்படுகிற பகலில்தான் ஓட்டோ கைவிடும். வைப்பர் போட்டதும் லைற்றும் சேர்ந்து வருகிற கார்கள் இருக்கின்றன, உதிர்ந்த ஸ்னோவில் வைப்பரே போடாமல் ஓடுவோம் என்பதால் அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. பார்க்கிங் ரிக்கற்றைச் சென்சரின் மேல் வைத்தால் பட்டப்பகலிலும் இரவு என்று நினைக்கும். அதனால் தீங்கில்லை, டாஷ்போட் மங்கலாகும், அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம், சுவிச்சை ஹெட்லைற்றிலேயே விட்டுவிடுங்கோ, பகலோ இரவோ. சாவியை எடுத்ததும் தானாக அணைகிற கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். உங்கள் காரில் அணைகிறதா என்று ஒருமுறை இறங்கிப் பூட்டி, ஒரு நிமிஷம் நின்று பாருங்கோ. அணையாத கார் என்றால் கதவைத் திறக்கும்போது மணி அடிக்கும். அதை அலட்சியம் பண்ணினால் வின்ரரில் பற்றரி காலையில் உயிரோடு இருக்காது. எண்ணெய்ச் செலவு கூடாதா என்றால், கூடும், கணக்கில் வராத அளவு. ஹலஜன் லோபீம் பல்ப் ஒன்று 55 வாற் அளவு. இரண்டும் பின்லைற்றுகளும் சேர்ந்தாலும் ஏறக்குறையப் பின்கண்ணாடிச் சூடாக்கி இழுக்கும் அளவு மின்சாரம்தான். பல்ப் கொஞ்சம் முந்திப் போகும், அது உண்மை.

பகல் லைற்றே உங்கள் காரில் எந்தப் பல்ப் என்று தெரிந்திருப்பது நல்லது. சில கார்களில் லோபீம், சிலதில் சிக்னல் பல்ப் நிரந்தரமாக எரியும், புதியவற்றில் தனி எல்.ஈ.டி. கீற்று. பழைய டொயோட்டா, ஹொண்டா, ஜி.எம். பலவற்றில் ஹைபீம் பல்ப்புக்கே வோல்ற்றேஜைக் குறைத்து எரிப்பார்கள். வோல்ற்றேஜைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியாகாது, பத்தில் ஒன்று அளவுக்கு இறங்கும். அதனால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. இதற்காகச் சில கார்களில் இரண்டு பல்ப்பையும் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் மற்றதும் எரியாது. இரண்டு பகல் லைற்றும் ஒரே நாளில் நின்றுவிட்டால் கொம்பியூட்டரை மாற்றவேண்டும் என்று சொல்கிறவரிடம் காசு கொடுக்கமுந்தி, ஹைபீம் போட்டுப் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் குற்றவாளி மற்றப் பக்கத்துப் பல்ப். அதற்கும் முந்தி ஹான்ட்பிரேக்கை முழுக்க இறக்கிப் பாருங்கோ. பல கார்களில் ஹான்ட்பிரேக் ஒரு பல் இழுபட்டிருந்தாலும் பகல் லைற் எரியாது.

பல்ப் மாற்றும்போது ஹலஜன் கண்ணாடியை விரலால் தொடவேண்டாம். தோலின் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடாகி அந்த இடத்தில் வெடிக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிற்றால் துடையுங்கோ. ஹலஜன் கூட்டுக்குள் மலிவு எல்.ஈ.டி. பல்ப் போடுவது இப்போது நாகரிகம், செய்யாதீர்கள். அந்தக் கண்ணாடிக் கூடு ஹலஜன் இழை இருக்கும் இடத்துக்கென்று அளந்து செய்தது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் விழும், உங்கள் றோட்டில் விழாது. வோல்ற்றேஜ் குறைக்கிற பகல் லைற்றில் போட்டால் மினுங்கி மினுங்கி எரியும்.

லைற் அடித்துக் காட்டுவதற்கும் இங்கே பொருள் வேறு. ஊரில் அடித்தால் "நான் வாறன், நீ நில்." இங்கே இடது திரும்பக் காத்திருக்கும்போது எதிரே நிற்கிறவர் அடித்தால் பெரும்பாலும் "நீ போ" என்பது, அதை நம்பிப் பாயவேண்டாம், அவருக்குப் பக்கத்து லேனில் வருகிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. இருட்டில் அடித்தால் உங்கள் லைற் போடவில்லை, அல்லது டிம் பண்ணவில்லை. எதிர்வாகனத்துக்கு 150 மீற்றருக்குள்ளும், முன்னால் போகிற வாகனத்துக்கு 60 மீற்றருக்குள்ளும் ஹைபீமை இறக்கவேண்டும். இறக்காவிட்டால் அபராதத்தோடு லைசன்ஸில் இரண்டு புள்ளியும் ஏறும்.

பகல் லைற் உண்மையில் பயன் தருகிறதா என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. கனடாப் போக்குவரத்து அமைச்சு 1990 மொடல்களை 1989 மொடல்களோடு ஒப்பிட்டு, பகலில் எதிரெதிராகவும் குறுக்காகவும் மோதும் விபத்துகள் 11 வீதம் குறைந்ததாக 1994இல் சொன்னது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2008இல் அப்படிக் குறிப்பிடத்தக்க பலன் எதையும் காணவில்லை. அங்கே இன்றும் கட்டாயமில்லை. சுவீடன் 1977இலேயே எல்லா றோட்டிலும் பகல் வெளிச்சத்தைக் கட்டாயமாக்கி அப்படியே வைத்திருக்கிறது, ஒஸ்ரியா 2005 நவம்பரில் கொண்டுவந்து 2008 ஜனவரியில் கைவிட்டது. மோட்டர்சைக்கிள்காரரின் குறையும் நியாயமானது: முன்னர் பகலில் லைற் எரிந்தால் அது மோட்டர்சைக்கிள் என்று கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் எரித்தால் அவர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். ஆனால் ஆறு மாதம் சூரியன் தாழ்வாக நின்று கண்ணில் அடிக்கிற நாட்டில், நிழலுக்குள்ளிருந்து வருகிற சாம்பல் நிறக் காரைக் காட்டுவது அந்த இரண்டு பொட்டு வெளிச்சம்தான். எனக்கு அதில் சந்தேகமில்லை. என் குறை, முன்னுக்குக் கொடுத்த வெளிச்சத்தைப் பின்னுக்குக் கொடுக்க முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்தார்கள் என்பது.

பஃபலோ பக்கம் அல்லது நியூ ஜெர்சி சொந்தக்காரரிடம் போவதாயிருந்தால் இன்னொன்று. நியூயோர்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மூன்றிலும் மழைக்கோ ஸ்னோவுக்கோ வைப்பர் ஓடினால் ஹெட்லைற்றும் எரியவேண்டும். பகல் லைற்றை அதற்கு ஈடாகக் காட்டமுடியாது. அங்கிருந்து மலிவாகக் கார் வாங்கி வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால், 15 வயதுக்குக் குறைந்த காரென்றால் எல்லையில் பதிந்து 45 நாளுக்குள் பரிசோதனைக்குக் கொண்டுபோகவேண்டும், பகல் லைற் இல்லாவிட்டால் பூட்டித்தான் பாஸ் பண்ணலாம் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கோ.

வின்ரர் தொடங்குமுன் ஸ்னோ பிரஷ் ஒன்று வாங்கி வைத்திருப்பீர்கள். காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிறுத்தாமல், முன்லைற் இரண்டு, பின்லைற் இரண்டு, மேலே இருக்கிற மூன்றாவது பிரேக் லைற் என்று ஐந்தையும் துடையுங்கோ. ஹலஜன் என்றால் முன்னுக்கு ஒட்டிய ஸ்னோவைச் சூட்டில் கொஞ்சம் உருக்கும்; எல்.ஈ.டி. லைற்றின் கண்ணாடி சூடாகாது, ஒட்டினது ஒட்டினபடி இருக்கும். 401இல் ஒரு மணித்தியாலம் ஓடினால் பின்லைற் மேல் உப்பும் சேறும் படிந்து சிவப்பு மண்ணிறமாகிவிடும். பெற்றோல் அடிக்க நிறுத்துகிற இடத்தில் கண்ணாடி துடைக்கிற வாளி வைத்திருப்பார்கள், அந்தப் பஞ்சாலேயே பின்லைற்றையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கோ.